மூன்றாவது துள்ளல்

2024 அக்டோபர் 11 அன்று மாலை திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஒன்று, ஹைட்ராலிக் அமைப்பில் பழுது ஏற்பட்டு, இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அந்த நகரையே சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே 141 பயணிகள். எரிபொருளைத் தீர்த்து எடையைக் குறைத்துக்கொண்டு இறங்கும் திட்டம். சக்கரம் ஒழுங்காக வெளிவருமா, வயிற்றால் உராய்ந்து இறங்குமா என்று தமிழ்நாடே தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தது. அன்று ஆயுத பூசை. சைக்கிள் முதல் லாரி வரை வாசலில் நின்ற அத்தனை வண்டிகளுக்கும் சந்தனம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கிய கையோடு மக்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரவு எட்டே கால் மணியளவில் விமானம் நல்லபடியாக இறங்கியது. விமானிகளை எல்லோரும் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டுக்கு அவர்கள் உரியவர்களே.

ஆனால் சக்கரம் பழுதாகும் கதைகளில் மிகப் பெரும்பாலானவை இப்படி நிகழ்வதில்லை என்பதை நாங்கள் பிற்பாடுதான் அறிந்துகொண்டோம். இரண்டு இருக்கையோ நான்கு இருக்கையோ கொண்ட பயிற்சி விமானங்களில், யாரும் பார்க்காத ஒரு நண்பகலில், இருபது வயதுப் பிள்ளை ஒருவனின் கையில் அவை நிகழ்கின்றன. சில சமயம் நிகழ்ந்து முடிந்த பிறகும் யாருக்கும் தெரிவதில்லை. எங்கள் அக்கறை அந்தக் கடைசி வகையைப் பற்றியது.

எங்கள் தருமபுரி மாவட்டத்துக்கு விமானம் முற்றிலும் அந்நியம் என்று சொல்லிவிட முடியாது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும்வரை ஓசூர் எங்களோடுதான் இருந்தது. ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்தார் தமக்கென ஓர் ஓடுபாதையே அமைத்து, இத்தாலியப் பார்த்தனேவியா வகைச் சிறு விமானங்களைக் கட்டினார்கள். பெங்களூருவின் தேசிய வானூர்தி ஆய்வகம் வடிவமைத்த ஹன்சா என்னும் இரண்டு இருக்கைப் பயிற்சி விமானங்களும் அங்கே உருப்பெற்றன. கேழ்வரகுக் கொல்லைக்கும் தக்காளித் தோட்டத்துக்கும் நடுவே விமானம் செய்கிறார்கள் என்பதை எங்களூரில் பலர் இன்றும் நம்புவதில்லை. மாவட்டம் பிரிந்தபோது ஓசூரோடு ஓடுபாதையும் போய்விட்டது. மாம்பழத்தில் பாதியும் போனதால் இதைப் பற்றி யாரும் வருந்தவில்லை. 2011 ஏப்ரல் 28 அன்று இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் சிதாரா என்னும் ஜெட் பயிற்சி விமானத்தின் முன்மாதிரி ஒன்று சோதனைப் பறப்பில் ஓசூர் அருகே விழுந்து நொறுங்கியது. விமானிகள் இருவரும் வெளியே பாய்ந்து உயிர் தப்பினார்கள். இப்போது ஓசூருக்குப் பன்னாட்டு விமான நிலையமே வரப்போகிறது என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்திருக்கிறார்கள். வரட்டும்.

தருமபுரியில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் ஏழெட்டுப் பேர் இருக்கிறோம். அவர்களில் ஒருவர் தலைமையாசிரியர். அவருடைய மகன் விமானியாகப் பயிற்சி பெறப் போனதிலிருந்துதான் இந்த விஷயமெல்லாம் எங்கள் காதில் விழத் தொடங்கியது. இந்தியாவில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த 200 மணி நேரத்துக்குச் செலவு அரைக்கோடியைத் தொட்டது. பாலக்கோட்டுப் பக்கம் இருந்த மாந்தோப்பு வங்கிக்குப் போயிற்று. அவருடைய மனைவியின் நகையும் அதன் பின்னாலேயே போயிற்று. இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வரும் மௌனத்துக்கு இதுதான் காரணம்.

விமானத்தின் சக்கரம், கால், அதைத் தாங்கும் அமைப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து லேண்டிங் கியர் என்று பெயர். நம் நாளிதழ்கள் 'சக்கரம்' என்று சொல்லிக் கடந்துவிடுகின்றன. கால் என்று சொல்வதே பொருத்தம் என்று எங்களுக்குப் படுகிறது. பறவைக்கு இருப்பது போல. பயிற்சிக்கு மிகுதியாகப் பயன்படும் செஸ்னா 172 விமானத்தில் இந்தக் கால்கள் மடங்குவதில்லை, எப்போதும் நீட்டியபடியே இருக்கும். பின்பக்கத்து இரண்டு கால்களும் வளைந்து கொடுக்கும் எஃகு. எவ்வளவு மோசமாக இறக்கினாலும் வில்லைப்போல் விரிந்து பொறுத்துக்கொள்ளும். மூக்கின் கீழிருக்கும் மூன்றாவது கால் அப்படியல்ல. காற்றும் எண்ணெயும் அடைத்த ஒரு குழாய்தான் அது. எஞ்சினுக்கும் விமானி அமரும் அறைக்கும் இடையே தீ பரவாமலிருக்க வைத்த மெல்லிய தகட்டுச் சுவரோடு அது பிணைக்கப்பட்டிருக்கிறது. எடையைத் தாங்கப் பின்கால்கள், திசை காட்ட முன்கால் என்பது ஏற்பாடு. முன்கால் ஒருபோதும் முதலில் தரையைத் தொடக்கூடாது.

கற்றுக்கொள்கிறவன் கையில் அது தொட்டுவிடும். வேகம் சற்று மிகுதியாக இறங்கினால் விமானம் தரையில் பட்டு எகிறும். அது முதல் துள்ளல். பயந்துபோன மாணவன் மூக்கைக் கீழே அழுத்துவான். வீட்டில் துள்ளும் கன்றின் தலையை அழுத்திப் பிடிப்பதுபோல, அது மனித இயல்பு. விமானம் மூக்கால் இடித்து முன்னைவிட உயரமாக எழும். அது இரண்டாவது. இவன் இழுப்பதும் அழுத்துவதும் விமானத்தின் அசைவுக்கு அரை நொடி பிந்தியே வந்துகொண்டிருக்க, ஒவ்வொரு துள்ளலும் முந்தையதைவிடப் பெரிதாகும். பெரும்பாலும் மூன்றாவது அல்லது நான்காவதில் முன்கால் மடிந்து, உந்துவிசிறி தரையை வெட்டி, எல்லாம் முடியும். தப்புவதற்கு வழி ஒன்றுதான்: முழு விசை கொடுத்து மறுபடி மேலே போய்விட வேண்டும். இறங்க வந்தவன் இறங்காமலே திரும்பிப் போவதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்பது, மேடையேறிப் பேச்சு மறந்துபோன யாருக்கும் விளங்கும்.

தலைமையாசிரியரின் மகனுக்கு மூன்றாவது துள்ளலில் கால் மடியவில்லை.

அன்று மாலை எங்கள் கூட்டம் அவர் வீட்டு மொட்டை மாடியில்தான் நடந்தது. எட்டரை மணிக்கு அவருடைய தொலைபேசி அடித்தது. "அப்பா, யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று அது தொடங்கியது. நாங்கள் எழுந்து போக முற்பட்டோம். அவர் கையால் அமர்த்திவிட்டு, "உன் மாமாங்க எல்லாரும் இங்கதான் இருக்காங்க கண்ணு, சொல்லு" என்று ஒலிபெருக்கியைத் திறந்து வைத்தார். ஆசிரியர் இல்லாமல் தனியாகப் பறந்திருக்கிறான். வெயில் ஏறிய நேரம், ஓடுபாதையின் மேல் காற்று கொதித்துக்கொண்டிருந்தது. மூன்று முறை துள்ளியது. கடைசித் துள்ளலில் 'மடார்' என்று காலுக்கடியில் சத்தம் கேட்டது. பிறகு ஒழுங்காக ஓடி நின்றது. யாரும் பார்க்கவில்லை, கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தி, கயிறு கட்டி, சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். அந்தப் பழைய விமானத்தில் இதைப் பதிவு செய்யும் கருவி எதுவும் கிடையாது. சுற்றிப் பார்த்தால் எதுவும் உடைந்ததாகத் தெரியவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு வேறொரு மாணவி அதே விமானத்தை எடுக்கிறாள்.

"சொன்னா நிறுத்தி வச்சிருவாங்கப்பா. ரிப்பேர்ச் செலவைத் தலையில கட்டுவாங்களோ என்னவோ."

எங்களில் ஒருவர் வங்கியில் இருந்தவர். கடன் பத்திரங்களில் கையெழுத்தான நாளிலிருந்து இந்தக் குடும்பத்தின் கணக்கு அவருக்கு அத்துப்படி. அவர் மெல்லச் சொன்னார்: "காலையில நேரத்துல போய் நீயே ஒருதடவ நல்லாப் பாரு தம்பி. ஏதாச்சும் தெரிஞ்சா சொல்லு. தெரியலைன்னா விட்டுரு." இதைக் கோழைத்தனம் என்று நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மாந்தோப்பை நாங்களும் பார்த்திருக்கிறோம். அதன் நிழலில் உட்கார்ந்து மௌனியைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறோம்.

இன்னொருவர் பேருந்துப் பணிமனையில் முப்பது வருடம் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் வட்டத்தில் மிகக் குறைவாகப் பேசுகிறவர் அவர்தான். அவர் தொலைபேசியின் பக்கம் குனிந்து, "தம்பி, ராத்திரி கடைசி ட்ரிப் முடிச்சிட்டு வர்ற டிரைவரு, பிரேக் ஒரு பக்கம் இழுக்குதுன்னு புக்குல எழுதணும். எழுதுனா வண்டி நிக்கும், அவனுக்குக் கேள்வி வரும். எழுதாமப் போயிட்டான்னு வை. காலைல நாலரை மணிக்கு அந்த வண்டிய எடுக்குறவன் யாரு? அவனுக்கு எதுவும் தெரியாது" என்றார். சற்றுப் பொறுத்து, "நான் அந்தக் காலை வண்டிங்களப் பார்த்திருக்கேன்" என்றும் சொன்னார். எந்த வண்டிகள், எங்கே என்று அவர் விவரிக்கவில்லை. தொப்பூர்க் கணவாய் இருக்கும் ஊரில் அதை யாரும் கேட்கவும் இல்லை.

தலைமையாசிரியர் ஒன்றுமே சொல்லவில்லை. மறுமுனையில் நெடுநேரம் சத்தமில்லை. பிறகு, "சரிங்க மாமா" என்றான். அன்றிரவே பராமரிப்புப் பொறியாளரின் வீட்டுக்குப் போய் எழுப்பிச் சொல்லியிருக்கிறான்.

அவர்கள் கண்டுபிடித்ததைத்தான் இந்தக் கட்டுரையின் மையமாக நினைக்கிறோம். எஞ்சின் மூடியைக் கழற்றியபோது, முன்கால் பிணைந்திருக்கும் தகட்டுச் சுவரில் புதிய சுருக்கம் ஒன்று தெரிந்தது. அது இவனுடையது. அதையொட்டிய அடித்தகட்டில் சில ஆணிகள் தளர்ந்திருந்தன. அவற்றைச் சுற்றி வண்ணத்தைச் சுரண்டியபோது, அதே இடத்தில் முன்பே ஒருமுறை மடிந்து, தட்டி நேராக்கி, மேலே வண்ணம் பூசப்பட்ட தடம் வெளிப்பட்டது. பராமரிப்புக் குறிப்பேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பிறகு சக்கரத்தைத் தாங்கும் கவையில் சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, வெள்ளைப் பொடி தூவிப் பார்த்தார்கள். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த சாயம் பொடியின் மேல் ஊறி வந்து காட்டிக்கொடுக்கும். வந்தது. மயிரிழை போல் ஒரு சிவப்புக் கோடு. "இது ஒரு நாள்ல வந்த கோடு இல்ல" என்று பொறியாளர் சொன்னாராம்.

உலோகம் ஒரே அடியில் உடைவதைவிடப் பல சிறிய அடிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு உடைவதே அதிகம். 1954-இல் காமெட் விமானங்கள் அடுத்தடுத்து வானில் சிதறியபோது உலகம் இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. நமக்கு இது புதிதாக இருக்க நியாயமில்லை. அளவுக்கு மீறினால் மயிலிறகு ஏற்றிய வண்டிக்கும் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். உரையாசிரியர்கள் அதை அரசனுக்கும் பகைவருக்கும் பொருத்திக் காட்டுவார்கள். எங்களுக்கு இப்போது அந்தக் குறளில் வண்டியோட்டியின் முகமே தெரிகிறது. கடைசி இறகை ஏற்றியவன்மீது பழி விழும். முன்னே ஏற்றியவர்கள் எல்லோரும் சந்தையிலிருந்து வீட்டுக்குப் போய்விட்டிருப்பார்கள். இவனுக்கு முன் அதே விமானத்தை அதே இடத்தில் இடித்தவன், இன்று ஏதோ ஒரு நிறுவனத்தின் பெரிய விமானத்தில் இருக்கலாம். அவன் வீட்டிலும் ஒரு தோப்பு இருந்திருக்கும். அந்த மடிப்பைத் தட்டி நேராக்கிய கைக்கும் ஒரு சம்பளமும் ஒரு மேலதிகாரியும் இருந்திருப்பார்கள். இத்தனை பேரின் அச்சமும் சேர்ந்துதான் அந்தச் சிவப்புக் கோடு.

எல்லாமே இப்படி மெல்லச் சேர்ந்துதான் உடைகின்றன என்றும் சொல்வதற்கில்லை. 2018 செப்டம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பைப்பர் வகைச் சிறு விமானத்தில் தனியாகப் பறந்துகொண்டிருந்த 17 வயது மாணவிக்கு, மேலெழும்போதே வலப்பக்கச் சக்கரம் கழன்று விழுந்துவிட்டது. அவளுடைய ஆசிரியர் வானொலி வழியாகப் பேசி இறங்க வைத்தார். அந்த ஒலிப்பதிவு இணையத்தில் கிடைக்கிறது. நாங்கள் பலமுறை கேட்டோம். அழுகை தொண்டையில் நிற்க அவள் பேசுகிறாள். ஆசிரியரின் குரலில் அவசரமே இல்லை. என்னென்ன செய்ய வேண்டும் என்பதை, நூறு முறை சொன்ன பாடத்தைச் சொல்வதுபோல் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். இத்தகைய நேரத்தில் செய்யக்கூடியவை உண்மையில் சிலவே. ஊனமான பக்கத்து இறக்கையை முடிந்தவரை தூக்கிப் பிடித்து நல்ல காலில் முதலில் இறங்குவது, தரையைத் தொடும் தறுவாயில் எரிபொருளையும் மின்சாரத்தையும் நிறுத்துவது, வேகம் தணிந்து இறக்கை தானாகச் சாயும்போது அதனோடு போராடாமல் விடுவது. விமானம் ஓடுபாதையை விட்டுப் புல்லில் சறுக்கி நின்றது. அவளுக்குக் காயமில்லை.

இதற்கு நேர் எதிரான ஒன்று 1972 டிசம்பர் 29 இரவில், மயாமி அருகே நிகழ்ந்தது. ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் பெரிய விமானம் ஒன்று இறங்க வந்தபோது, முன்கால் பூட்டிக்கொண்டதைக் காட்டும் பச்சை விளக்கு எரியவில்லை. விமானி அறையில் இருந்த அனுபவசாலிகள் அனைவரும் அந்த விளக்கைக் கழற்றுவதிலும் பார்ப்பதிலும் மூழ்கியிருந்தபோது, தானியங்கியின் உயரப்பூட்டு விலகி, விமானம் சிறுகச் சிறுகத் தாழ்ந்து சதுப்பு நிலத்தில் மோதியது. 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கால் சரியாகத்தான் இறங்கியிருந்தது; விளக்குதான் எரிந்துபோயிருந்தது. தனியாக இருந்த 17 வயதுப் பெண்ணுக்குக் கிடைத்த நிதானமான ஒரு குரல், அனுபவசாலிகள் கூடியிருந்த அந்த அறையில் இல்லை.

எங்கள் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர் பெற்றது. ஆநிரை கவர்ந்தவனுக்கும் மீட்டவனுக்கும் மட்டுமல்ல, புலியோடு பொருது செத்தவனுக்கும் கல் நாட்டியிருக்கிறார்கள். தருமபுரி அருங்காட்சியகத்தின் முன் அவை வரிசையாக நிற்கின்றன. மாடுகளை மீட்டு உயிரோடு வீடு திரும்பியவனுக்குக் கல் கிடையாது. கூட்டம் முடிந்து போகும் வழியில் பணிமனை நண்பர் ஒருநாள் அந்தக் கற்களைப் பார்த்து, "ஏழு மணிக்கு வண்டி எடுக்க இருந்த அந்தப் பொண்ணுக்கு, தனக்கு என்ன நடக்காமப் போச்சுன்னு தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றுதான் நினைக்கிறோம். விமானம் பழுது, வேறு விமானம் எடுத்துக்கொள் என்று மட்டும் அவளிடம் சொல்லியிருப்பார்கள். ஒரு மணி நேரம் தாமதமானதில் அவளுக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட இருந்திருக்கும்.

அவனை இரண்டு வாரம் தனியாகப் பறக்க விடாமல் நிறுத்தி வைத்தார்கள். கூடுதலாகச் சில மணி நேரம் ஆசிரியரோடு பறக்க வேண்டியிருந்தது. அதற்குத் தனிக் கட்டணம். பழுதுச் செலவைக் கேட்கவில்லை. உடன் பயின்றவர்களில் இருவர் அவனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். இவன் சொன்னதால் எல்லா விமானங்களையும் சோதிக்க நேர்ந்து, அவர்களுடைய பறக்கும் நேரம் தள்ளிப்போயிற்றாம். பழைய மடிப்பைப் பற்றி யாரை யார் விசாரித்தார்கள் என்பது எங்களுக்குச் சொல்லப்படவில்லை. தலைமையாசிரியர் அந்த மாதத் தவணைக்காக எங்களில் ஒருவரிடம் கைமாற்று வாங்கினார். கொடுத்தவர், விட்டுவிடு என்று அன்று சொன்ன வங்கி நண்பர்தான்.

இப்போது அவன் இரட்டை எஞ்சின் விமானத்துக்கு வந்துவிட்டான். அதில் கால்கள் மடங்கி உள்ளே போகும். விமானிகளில் இரண்டே வகை, சக்கரத்தை இறக்க மறந்து இறங்கியவர்கள், இனிமேல் அப்படி இறங்கப் போகிறவர்கள் என்று அவர்களுக்குள் ஒரு பழமொழி உண்டாம். இறங்குமுன் மூன்று பச்சை விளக்குகளையும் விரலால் தொட்டு, வாய்விட்டு எண்ணவேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எந்த மொழியில் எண்ணுகிறாய் என்று கேட்டோம். ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் ஆங்கிலத்தில், தனியாக இருந்தால் தமிழில் என்றான்.

பழைய செஸ்னா ஏழு வாரம் கழித்துக் கொட்டகையிலிருந்து வெளியே வந்ததாம். முதல் நாளே அவன் பெயரைத்தான் பலகையில் எழுதியிருந்தார்கள். தற்செயலா வேண்டுமென்றா என்று அவன் கேட்கவில்லை. ஏறுமுன் குனிந்து அடித்தகட்டின் ஆணிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்திருக்கிறான். புதுத் தகட்டின் வெள்ளை, பழைய வெள்ளையோடு ஒட்டாமல் தனியாகத் தெரிந்தது. தள்ளி நின்று பார்த்தாலே தெரிகிறது மாமா, இந்தத் தடவை யாரும் அதை மறைக்கப் பார்க்கவில்லை என்றான்.